பிக்கப் வண்டியில் எஞ்சின் ஆயில் ஒழுகுகிறது: கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 2018 மாடல் டீசல் பிக்கப், 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய். வாரத்துக்கு அரை லிட்டர் ஆயில் ஊற்றவேண்டியிருக்கிறது. பட்டறைக்காரர் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "கிராங்க் பின் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கவேண்டும், 18,000 ரூபாய் ஆகும்" என்கிறார். பின் சீல் என்பது, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்; கியர் பாக்ஸுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இந்தத் தொகை நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி தொகையைப் பற்றியதுபோல் இருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: ஒரு தரம் எட்டிப் பார்த்ததை வைத்து, பின் சீல்தான் என்று எப்படி நம்புவது? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். தொகை, ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு ஒட்டன்சத்திரம் பக்கம் பட்டறை போட்டு 24 ஆண்டுகள் ஆகின்றன. சந்தையிலிருந்து கேரளத்துக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப் போகிற பிக்கப் வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அந்த வண்டிகளில், "பின் சீல் போய்விட்டது" என்ற தீர்ப்போடு என்னிடம் வந்து, கடைசியில் சின்ன ரப்பர் வளையத்தோடு திரும்பிப் போனவை நிறைய. பின் சீல் உண்மையாகவே போயிருந்தவையும் உண்டு. ஆகவே உங்கள் மெக்கானிக் தவறு என்று இங்கிருந்தே சொல்லமாட்டேன். ஆனால் அவர் தீர்ப்புக்குப் போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் நீங்கள் கொடுத்த கணக்கையே பாருங்கள். சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலக் கறை என்பது ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய். ஏறத்தாழ 10 மி.லி. ஏழு இரவுக்கும் சேர்த்தால்கூட 100 மி.லி. தாண்டாது. நீங்கள் ஊற்றுவதோ 500 மி.லி. மீதி 400 எங்கே போயிற்று? வண்டி ஓடும்போது போயிருக்கிறது. அது வெளியே கசிந்து சாலையில் சிந்தியிருக்கலாம், அல்லது எஞ்சினுக்குள்ளேயே எரிந்து சைலன்சர் வழியாகப் போயிருக்கலாம். எரிகிறதென்றால் கியர் பாக்ஸை நூறு முறை இறக்கி ஏற்றினாலும் வாராந்தர அரை லிட்டர் நிற்காது. காலையில் முதல் ஸ்டார்ட்டில், பின்னால் ஆளை நிறுத்தி நீலப்புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தத்தோடு சுற்றுகிறது. அணைத்ததும் அழுத்தம் போய், தேங்கியது மட்டும் சொட்டும். ஓடும்போது நனைந்து, நின்றால் காய்கிற கசிவு என்றால் அழுத்தப் பாதையில், அதாவது பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) ஆயில் போகும் குழாய் ஆகியவற்றில் சந்தேகம் கூடும். இராத்திரியெல்லாம் ஒரே சீராகச் சொட்டினால் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பேக்கிங், ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் போன்ற அடிப்பகுதி ஆட்களைப் பார்க்கவேண்டும். இது நூற்றுக்கு நூறு விதி அல்ல. ஆனால் நல்ல தொடக்கம்.

அடுத்து, அது எஞ்சின் ஆயில்தான் என்று உறுதி செய்யுங்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் கியர் பாக்ஸின் முன் சீலும் இருக்கிறது, கிளட்ச் சிலிண்டரும் பக்கத்தில் இருக்கும். ஒரு வெள்ளைக் காகிதத்தில் அந்த எண்ணெயைத் தொட்டு வையுங்கள். டீசல் எஞ்சின் ஆயில் புகைக்கரியால் கன்னங்கரேல் என்று இருக்கும். கியர் ஆயில் தேன் நிறத்தில் கெட்டியாக, கந்தக நெடியோடு இருக்கும். ஒரு தடவை முகர்ந்தவன் மறக்கமாட்டான். பவர் ஸ்டீயரிங் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. மெல்லிசாக, தண்ணீர் போல ஓடி, பெயிண்டைத் தின்றால் அது பிரேக் எண்ணெய் வகை, கிளட்ச்சுக்கும் அதுவேதான். அப்படியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம். நீங்கள் "கறுப்பு" என்று எழுதியிருப்பதால் எஞ்சின் ஆயில் என்றே வைத்துக்கொள்கிறேன். பழைய அழுக்கில் ஊறி வந்தால் எந்த எண்ணெயும் கறுத்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே எஞ்சினின் உச்சியிலோ முன்பக்கத்திலோ கசிந்தால்கூட, கடைசியில் அது வந்து தொங்கும் இடம், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடான கிளட்ச் ஹவுசிங்கின் அடி விளிம்புதான். எஞ்சினின் உச்சியை மூடும் டாப்பட் கவர் பேக்கிங்கின் பின் மூலை கசிந்தால், அதன் கீழே உள்ள ஹெட்டின் முதுகு வழியாக வழிந்து, கேபின் சுவருக்கும் எஞ்சினுக்கும் இடையே யார் கண்ணிலும் படாமல் இறங்கி, நேராகக் கிளட்ச் ஹவுசிங்கின் தலையில் விழும். அடியில் படுத்துப் பார்ப்பவருக்குப் பின் சீல் கசிவுபோலவே தெரியும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நனைந்திருக்கும் இடங்களிலேயே மிக உயரமானது எது, மிக முன்னால் இருப்பது எது என்று தேடவேண்டும்.

எட்டு வருட அழுக்கு மூடிய எஞ்சினில் அதைத் தேட முடியாது, கழுவித்தான் ஆகவேண்டும். எஞ்சின் ஆறியபின் ஆல்டர்னேட்டர், காற்று ஃபில்டரின் வாய், ஒயர் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள். டிகிரீசர் அல்லது மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷில் தொட்டு, மேலிருந்து கீழாகத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுங்கள். மண்ணெண்ணெய் என்றால் முழுக்கக் காயும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், டர்போவின் சூட்டில் பற்றிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கொண்டு நேராகப் பீய்ச்சுவதை நான் விரும்புவதில்லை. கசிவைத் தேடப் போய் ஒயரிங் கோளாறோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. அடியில் வேலை என்றால் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபின்தான் உடம்பை உள்ளே விடவேண்டும்.

காய்ந்ததும் ஒரு சின்ன வித்தை. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் துணியில் முடிந்து, சந்தேகமான இடங்களில் எல்லாம் தட்டுங்கள்: டாப்பட் கவரின் விளிம்பு, ஃபில்டரின் கழுத்து, ஹெட்டின் பின்புறம், சம்ப்பின் ஓரம், கிராங்க் புல்லியின் பின்னால். பெல்ட்டில் மட்டும் படவேண்டாம். எஞ்சினைச் சும்மா பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் 20, 30 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். வெள்ளைப் பவுடரில் புதிய எண்ணெய் கறுப்புக் கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் தலை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. கவர் விளிம்பில் முதலில் ஒரு கடுகளவு ஈரம் தெரியும், பிறகு அது பவுடரைக் குடித்துக் குடித்து மிளகளவு ஆகி, சரிந்து கோடாக இறங்கும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்க்கவேண்டிய காட்சி. ஆயிலில் கலந்து புற ஊதா விளக்கு அடித்தால் ஒளிரும் சாயமும் விற்கிறார்கள். கை நுழையாத இடங்களுக்கு அது நல்லது. ஆனால் முக்கால்வாசி வண்டிகளுக்குப் பவுடரே போதும்.

எங்கெல்லாம் கோடு தொடங்கலாம்? டாப்பட் கவர் பேக்கிங்கைச் சொல்லிவிட்டேன். வருடக்கணக்காகச் சூடு பட்ட ரப்பர் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகிவிடும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. சில எஞ்சின்களில் அந்தக் கவரின் பின்முனையில் அரை நிலா வடிவில் ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கும்; பேக்கிங்கை மாற்றுகிறவர்கள் அதை மாற்றாமல் விடுவதுண்டு. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு ஆயில் போகும் மெல்லிய குழாயும் திரும்பும் தடித்த ரப்பர் குழாயும் உண்டு. திரும்பும் குழாய் முறுகி வெடித்தால் எஞ்சினின் ஒரு பக்கம் முழுதும் நனையும். டர்போவின் ஆயில் குழாய்களையும் பாருங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாய்க்குள் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம்தான். கவிழ்த்தால் ஊற்றும் அளவுக்கு இருந்தால் சகஜம் இல்லை. டர்போ சீல் முழுதாகப் போனால் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துச் சாவிக்கு அடங்காமல் ஓடும். ஃபில்டரில் வழக்கமான விபத்து ஒன்று: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டிவிடுவார்கள். சர்வீஸ் முடிந்த அன்றே திடீரென்று கொட்டினால் முதலில் அங்கே பாருங்கள்.

பிரஷர் சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவதில் அதுதான் கைகாரன். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கை எரிய வைக்கும் சின்ன சுவிட்ச் அது, பிளாக்கில் திருகி இருக்கும். அதன் பித்தளை உடம்பும் பிளாஸ்டிக் தலையும் சேரும் இடத்தில் கசிய ஆரம்பித்தால், ஓடும்போது 3, 4 பார் அழுத்தத்தில் எண்ணெய் மெல்லத் தள்ளப்படும், நிறுத்தினால் நின்றுவிடும். போன ஆண்டு வந்த வண்டியொன்றில் உங்களுக்குச் சொன்ன அதே தீர்ப்பைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அந்த சுவிட்சின் ஒயர் கனெக்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தேன். அதற்குள்ளிருந்து ஒரு சொட்டு ஆயில் உருண்டு என் விரலில் விழுந்தது. கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கால் மணி நேர வேலை.

இதுவரை சொன்னவை கசியும் இடத்தைப் பற்றியவை. ஏன் கசிகிறது என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்காமல் சீல் மாற்றினால் ஆறு மாதத்தில் அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே சம்ப்புக்குள் இறங்குவது எல்லா எஞ்சினிலும் உண்டு. பட்டறை மொழியில் அதைப் பேக் கம்ப்ரஷன் என்போம். அந்த வாயு வெளியேறத்தான் பிரீதர். உங்கள் காலத்து வண்டிகளில் அது டாப்பட் கவரிலிருந்து டர்போவின் காற்றுக் குழாய்க்குப் போய்ச் சேரும். ரிங் தேய்ந்து வாயு அதிகமானாலோ, பிரீதர் அடைத்துக்கொண்டாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். சீல் அங்கே குற்றவாளி அல்ல, அடிபட்டவன்.

சோதிப்பது எளிது. எஞ்சினைச் சூடேற்றி, சும்மா ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். சில எஞ்சின்கள் ஆயிலைத் தெறிக்கவிடும், முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். மூடி லேசாக நடுங்கினால் டீசலுக்கு அது இயல்பு. துள்ளிக் கீழே விழுந்தாலோ, இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல் குபுகுபுவென்று புகை வந்தாலோ கவலைப்படவேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்பதும் அதே அறிகுறி. இது மோட்டாவான சோதனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிங் போய்விட்டது என்று இதை மட்டும் வைத்து எஞ்சினைப் பிரிக்கக்கூடாது. முதலில் பிரீதரைப் பார்த்து, அது சரியாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனை செய்து, அப்புறம்தான் அந்தப் பேச்சு.

பிரீதரை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு கதை. முருங்கை லோடு வண்டி ஒன்று, வேறொரு பட்டறையில் ஒரே வருடத்தில் இரண்டு முறை பின் சீல் மாற்றிவிட்டு வந்தது. மூன்றாம் முறையும் கசிவு. மூடி சோதனையில் புகை சீறியது. உரிமையாளர், எஞ்சினே போய்விட்டது என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிரீதர் குழாயை வெளியே பார்த்தால் புதிதுபோல் இருந்தது. இரண்டு விரலால் அழுக்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று அமுங்கியது. கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறினால், உள் அடுக்கு ரப்பர் எண்ணெயில் ஊறி, உரிந்து, சுருண்டு கிடந்தது; கட்டைவிரல் போகவேண்டிய துவாரத்தில் பென்சில்கூட நுழையாது. குழாயை மாற்றியதும் மூடி அடங்கிவிட்டது. சீலை நான் தொடவில்லை. இரண்டு மாதத்துக்குக் கவனித்தோம், ஈரம்கூட இல்லை. எல்லா வண்டியும் இப்படி மலிவாக முடியும் என்று சொல்லவரவில்லை. அழுத்தத்தில் மடங்கிய சீல் உதடு திரும்பப் படியாமலும் போகலாம்.

ஆயில் அளவும் ஒரு காரணம் ஆகலாம். வாரந்தோறும் கணக்குப் பார்க்காமல் அரை லிட்டர் ஊற்றுகிறவர்கள், மேல் கோட்டைத் தாண்டி நிரப்பியிருப்பதைப் பார்க்கிறேன். அளவு மிஞ்சினால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கி, அதுவே கசிவைக் கூட்டும். சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்ப்பதே சரியான முறை.

இவ்வளவும் பார்த்தபின் மேலே எல்லாம் காய்ந்திருந்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு தகட்டைக் கழற்றினால் உட்புறம் எஞ்சின் ஆயிலில் நனைந்திருந்தால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. பின் சீல்தான். அப்போது கியர் பாக்ஸை இறக்காமல் வழி கிடையாது. அதற்கு முன் ஒரு சோதனை: எஞ்சினை அணைத்து, ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க்கை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் போடும் புது சீல் நிலைக்காது.

இறக்கும்போது பேசி வாங்கவேண்டியவை சில. கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பிளேட்டில் ஆயில் இறங்கியிருந்தால் துடைத்துப் போடுவது வீண், மாற்றிவிடுங்கள். இன்னொரு முறை கியர் பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது மலிவு. கியர் பாக்ஸின் முன் சீலையும் அதே கையோடு மாற்றலாம். கிராங்க்கில் சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். பள்ளம் இருந்தால் சீலை ஓரிரு மி.மீ. தள்ளி உட்காரவைப்பார்கள், அல்லது மெல்லிய உலோக உறை போடுவார்கள். சாதாரண ரப்பர் உதடு சீல் என்றால் உதட்டில் லேசாக ஆயில் தடவி ஏற்றுவோம். ஆனால் டெஃப்லான் உதடு சீலைக் காய்ந்த நிலையில்தான் ஏற்றவேண்டும், ஆயில் படக்கூடாது. பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் ஆயில் தடவும் கைகள் இருக்கின்றன; பெட்டியோடு வரும் குறிப்பைப் படிக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

கசிவு சம்ப் பேக்கிங்கில் என்று தெரிந்தால், சிலிக்கான் பேஸ்ட்டைக் கிலோ கணக்கில் அப்ப விடாதீர்கள். உள்ளே பிதுங்கும் பேஸ்ட் அறுந்து விழுந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால், கசிவுக்குப் பதில் எஞ்சினே சுற்றாமல் இறுகிப் பிடித்துவிடும். எண்ணெய்ப்பசை இல்லாத பரப்பு, மெல்லிய ஒரே கோடு, நடுவிலிருந்து வெளியே மாற்றி மாற்றி முடுக்குதல், ஆயில் ஊற்றுமுன் பேஸ்ட் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காத்திருத்தல், அவ்வளவுதான். சம்ப்பின் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும்; நீளப் பிடி போட்டு முடுக்கினால் தகடு வளைந்து புதுக் கசிவு தொடங்கும். டிரெயின் பிளக்கின் செப்பு வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போடுங்கள்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றில் ரப்பரைச் சற்று உப்பவைக்கும் சரக்கு இருக்கிறது. இறுகிப்போன சீலில் சொட்டு குறைந்ததைப் பார்த்திருக்கிறேன், கிழிந்த சீலில் ஒருபோதும் பார்த்ததில்லை. குறைந்ததும் எத்தனை நாளைக்கு என்று யாரும் உறுதி தரமுடியாது. வண்டியை விற்பதற்கு முன் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். கெட்டி ஆயிலுக்கு மாறுவதும் அதே ரகம்: கசிவு மெதுவாகலாம், காலைக் குளிரில் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரவும் அதே அளவுக்குத் தாமதமாகும். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். உங்களுடையது பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை மாசு விதியின் நான்காம் கட்டம்) வண்டி. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், புகை வடிகட்டி உள்ள எஞ்சினுக்குக் குறைந்த சாம்பல் ஆயில்தான் ஊற்றவேண்டும். கைக்குக் கிடைத்ததை ஊற்றி நிரப்பினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

அதுவரை ஓட்டலாமா என்றால், உங்கள் அளவுக்கு ஓட்டலாம். தினமும் காலையில் டிப் ஸ்டிக் பார்த்து, கிலோமீட்டரையும் ஊற்றிய அளவையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பல எஞ்சின்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் இருக்கும். வாரம் அரை லிட்டர் போகிற வண்டி இரண்டு வாரம் கவனிக்காவிட்டால் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும். கேபினுக்குள் எண்ணெய் தீயும் வாடை வந்தால், அதாவது டர்போ பக்கம் சொட்டுகிறது என்றால், அன்றே நிறுத்திவிடுங்கள். கிளட்ச் வழுக்க ஆரம்பித்தாலும் அப்படியே. சிவப்பு ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று நினைக்காமல், ஓரம் கட்டிய நொடியே அணைக்கவேண்டும்.

உங்கள் மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்துவிட்டு இறக்கலாம், அந்தக் கூலியையும் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல ஆள் என்றால் ஒத்துக்கொள்வார். பார்த்தபின் மூன்றை மட்டும் எழுதுங்கள்: கறுப்புக் கோட்டின் தலை எங்கே இருந்தது, மூடி துள்ளியதா, பிரஷர் சுவிட்ச் கனெக்டருக்குள் ஈரம் இருந்ததா. ஒரு படமும் எடுத்து அனுப்பினால், 18,000 பற்றி அப்போது பேசலாம்.